ஈர நெல்லும் பழைய அறமும்

"அவர் சம்மதிச்சுத்தானே வித்தவர்." இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் கொடுக்கல் வாங்கல் செய்யும் எவரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார், பலர் சொல்லியும் இருப்பார்கள். நெல் வாங்குபவர், பசளையைக் கடனுக்குக் கொடுப்பவர், உழவு இயந்திரத்தை லீசிங் எனப்படும் தவணைக் குத்தகையில் விடும் நிறுவனத்தின் முகவர், கிழமைதோறும் படலையடியில் வந்து நிற்கும் கடன் வசூலிப்பாளர் ஆகிய எல்லோருக்கும் பொதுவான நியாயம் இது. கையெழுத்து இருக்கிறது, சாட்சி இருக்கிறது, ஒருவரும் கழுத்தைப் பிடித்து வாங்கவில்லை, ஆகவே நடந்தது நீதி என்று அந்தப் பேச்சு முடிந்துவிடும். பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரத்தில் என் தம்பியுடன் சேர்ந்து நெற்களஞ்சியம் ஒன்றை நடத்திவருபவன் என்ற முறையில், இந்த நியாயம் ஏன் போதாது என்பதையும், முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சமய நூல்களும் அற நூல்களும் இந்த இடத்தில் எவ்வளவு கூர்மையாகப் பேசுகின்றன என்பதையும் எழுதிவைக்க நெடுநாளாக விரும்பியிருந்தேன்.

முதலில், அந்தச் சம்மதம் எந்தச் சூழலில் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். காலபோக நெல், அதாவது மாரி மழைக்கு விதைக்கும் பெரும்போக நெல், இங்கே தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி வரை அறுவடையாகிறது. இரணைமடுப் பெருங்குளத்தின் கீழ் விதைத்தவர்களும், சிறுகுளங்களின் கீழ் விதைத்தவர்களும், வானத்தை மட்டும் நம்பி மானாவாரியாக விதைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே மழைக்கு விதைத்தவர்கள். ஆகவே எல்லோருடைய நெல்லும் ஏறக்குறைய ஒரே கிழமைகளில் விளைந்து நிற்கும். முன்பு அருவி வெட்டி, கதிரைச் சூடு எனப்படும் போராக அடுக்கி வைத்துவிட்டால் கமக்காரருக்கு ஓர் அவகாசம் கிடைத்தது. ஒழுங்காக அடுக்கிய சூடு மழையைத் தாங்கும், கதிர் காயும், விலை சரியில்லையென்றால் சூடு மிதிப்பைத் தள்ளிப்போடலாம். இன்று அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கினால், காலையில் கதிராக நின்றது மத்தியானத்துக்குள் மூடையாகிவிடுகிறது. உடல் உழைப்பு குறைந்தது பெரிய நன்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்படி வெட்டிய நெல் பல வேளைகளில் 20 வீதத்துக்கு மேற்பட்ட ஈரத்துடன் சாக்குக்குள் போகிறது. அதை அப்படியே கட்டி வைத்தால் உள்ளே சூடேறி, நிறம் மாறி, முளையும் விட்டுவிடும். காயவைக்கத் தளம் இல்லாதவர் வீதியோரத்தில் பரப்புகிறார். அதற்கு இடமும் ஆளும் வெயிலும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும். இயந்திரக் கூலியை உடனே கொடுக்க வேண்டும், பசளைக் கடைக்காரர் காத்திருக்கிறார், நகை வங்கியில் அடகில் கிடக்கிறது. இப்படிப்பட்ட ஒருவர் என் வாசலில் நெல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியை நிறுத்திவிட்டு விலை கேட்கும்போது, விற்பதா வேண்டாமா என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. யாருக்கு விற்பது என்று யோசிக்கும் நிலையிலும் பெரும்பாலும் இல்லை.

மாசி மாதப் பின்னேரம் ஒன்றில் தருமபுரப் பக்கத்திலிருந்து வயதான கமக்காரர் ஒருவர் வந்தார். முறிகண்டித் திசையில் வானம் கறுத்திருந்தது. பெட்டியிலிருந்த மூடைகளில் பாதியைத்தான் அவருடைய தறப்பாள் மூடியது. வேறோர் இடத்தில் விலை கேட்டுவிட்டு வந்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"தம்பி, விலையை நீங்களே சொல்லுங்கோ. மழைக்கு முன்னம் இறக்கினால் காணும்" என்றார்.

"ஐயா, முதல்ல ஈரத்தைப் பாப்பம். பிறகு விலையைக் கதைப்பம்" என்று என் தம்பி சொன்னான்.

மேல் மூடையிலும் நடு மூடையிலும் அடி மூடையிலும் ஒவ்வொரு பிடி எடுத்து ஈரப்பதமானியில் போட்டோம். எண் வந்ததும், வழமைபோலக் கருவியை அவர் பக்கம் திருப்பினான் தம்பி. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி கொண்டுவரேல்லை. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். அந்தக் கணத்தில் எங்கள் வாய்ச்சொல்லைத் தவிர அவருக்கு வேறு அளவுகோல் எதுவும் இருக்கவில்லை. கருவி 18 காட்டியது, 18 என்றோம். 21 என்று சொல்லியிருந்தாலும் அவர் சம்மதித்திருப்பார்.

அந்த ஈரத்துக்காக நிறையில் எவ்வளவு கழிப்பது என்பதில்தான் எங்கள் தொழிலின் ஒழுக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இது மனச்சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டிய விடயமன்று. கணக்குப் போட்டே பார்க்கலாம். களஞ்சியத்தில் பழுதாகாமல் இருக்க நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதும் இந்த அளவை வைத்துத்தான். 18 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் 82 கிலோதான் நெல், மிகுதி நீர். அதை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 95 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சும். அதாவது நியாயமான ஈரக் கழிவு 4 கிலோ 650 கிராம். 22 வீதமென்றால் கழிவு 9 கிலோ 300 கிராம். 16 வீதமென்றால் 2 கிலோ 300 கிராமுக்குச் சற்று மேல். இதற்கு மேல் பதருக்கு ஒரு கழிவு, காயவைக்கும் கூலிக்கு ஒரு தொகை, இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் நெல்லைக் கையில் அள்ளி, பல்லில் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "நல்ல ஈரம், நூற்றுக்கு எட்டுக் கழிப்பம்" என்று சொல்லும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. 18 வீத ஈரத்துக்கு எட்டுக் கழித்தால் நூறு கிலோவுக்கு மூன்று கிலோவுக்கு மேல் கமக்காரரிடமிருந்து சும்மா போகிறது. 1,500 கிலோ ஏற்றிய பெட்டியில் அது 50 கிலோ. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு என்ற நெல் வகைக்கு அறிவித்த கிலோ 120 ரூபாய் என்ற விலையில் பார்த்தால் 6,000 ரூபாய். சாக்குக் கழிவும் இப்படித்தான். சணற் சாக்கு ஏறக்குறைய ஒரு கிலோ நிறையுடையது என்பதால் மூடைக்கு ஒரு கிலோ கழிக்கும் வழக்கம் வந்தது. இப்போது வரும் பிளாஸ்டிக் இழைச் சாக்கு நூறு கிராம் அளவில்தான் இருக்கும். சாக்கு மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஒரு கிலோக் கழிவு மட்டும் பல தராசடிகளில் மாறவேயில்லை.

இதில் எதுவும் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டுச் சட்டத்தின்படி வணிகத் தராசு ஒவ்வோர் ஆண்டும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். பெரும்பாலான தராசுகள் சரியாகவும் இருக்கின்றன. நிறுவை நேர்மையாக இருக்கக் கழிவில் களவு நடக்கிறது. அந்தக் கழிவுக்கும் கமக்காரர் தலையாட்டியிருக்கிறார்.

வள்ளுவர் வணிகரைப் பற்றிச் சொன்னதை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தது தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை.

வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப்
பிறவும் தமபோல் செயின்.

இதற்கு உரை எழுதிய பரிமேலழகர், பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதிச் செய்தலாவது கொள்வது மிகையும் கொடுப்பது குறையும் ஆகாமல் ஒப்ப நாடிச் செய்தல் என்று விளக்குகிறார். இந்த விளக்கத்துக்குப் பின்னால் அதைவிடப் பழைய குரல் ஒன்று இருக்கிறது: காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலை, "கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது" என்று அவர்களைப் புகழ்கிறது. இந்தக் குறளைக் கடைச் சுவரில் எழுதிவைத்திருப்போர் உண்டு. ஆனால் அது கேட்பது என்ன என்று தராசடியில் நின்று நினைத்துப் பார்த்தால் உடம்பு கூசும். மற்றவருடைய நெல் என் நெல்லாக இருந்தால் எப்படி நடத்துவேனோ அப்படி நடத்த வேண்டும். என் நெல் ஈரமாக ஒரு பெட்டியில் கிடந்து, வானம் கறுத்து, கண்ணாடியும் கையில் இல்லாமல் நான் நின்றால், எனக்கு எது நியாயமென்று தோன்றும்? சம்மதித்தேனா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. வேறு வழி இல்லாதவனின் தலையாட்டலை வள்ளுவர் சாட்சியத்துக்கு எடுக்கவேயில்லை.

வவுனியாவில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் நெல் வணிகர் ஒருவர் இருக்கிறார். பரிமேலழகர் சொன்னதை நான் அவரிடம் சொன்னபோது, இதையே நாங்கள் திருக்குர்ஆனின் 83 ஆவது அத்தியாயத்தில் ஓதுகிறோம் என்றார். மனிதரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்று அந்த அத்தியாயம் தொடங்குகிறது. கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் சந்தையின் நோய் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அவர் சொன்ன மற்றொரு செய்தி எங்கள் தொழிலுக்காகவே சொன்னதுபோல இருந்தது. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. இது என்ன என்று விற்பவரிடம் கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்று அவர் சொன்னார். அப்படியானால் வாங்குபவர் கண்ணில் படும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று நபிகள் கூறினார் என்பது நபிமொழி.

இந்த நபிமொழியை வணிகருக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. காய்ந்த மூடைகளை வெளிப்புறம் அடுக்கி ஈர மூடைகளை நடுவில் மறைத்து வரும் கமக்காரரும் இருக்கிறார்கள். ஆகவேதான் மேலும் நடுவும் அடியும் எடுத்துப் பார்க்கிறோம். ஏழ்மை ஏமாற்றுவதற்கு உரிமை தருவதில்லை. ஆயினும் இரண்டு தவறுகளையும் ஒரே நிறையில் வைக்க என்னால் முடியவில்லை. ஈர மூடையை மறைத்தவரைக் கண்டுபிடிக்க என்னிடம் கருவி இருக்கிறது. என் கழிவுக் கணக்கைச் சரிபார்க்க அவரிடம் எதுவும் இல்லை.

வன்னியில் இந்த விடயத்தைப் பேசும்போது வற்றாப்பளை அம்மனை விட்டுவிட்டுப் பேச முடியாது. நந்திக்கடல் ஓரத்தில் கோயில்கொண்டிருக்கும் கண்ணகித் தாய்க்கு ஒவ்வொரு வைகாசியிலும் நடக்கும் பொங்கலுக்கு வடக்கு முழுவதிலுமிருந்து சனம் திரள்கிறது. பாக்குத் தெண்டல் என்ற தொடக்கச் சடங்கில் தொடங்கி, கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்பு நீரில் விளக்கெரிக்கும் அற்புதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஊர் ஊராகப் போகிறோம். முல்லைத்தீவுக் கிராமங்களில் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதை சந்தையில் நடந்த ஓர் அநீதியின் கதை என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. கோவலன் புகாரின் பெருவணிகன் மகன். எல்லாம் இழந்தபின் பிழைப்புக்காக மதுரைக்கு வந்து, மனைவியின் காற்சிலம்பு ஒன்றை விற்க நிற்கிறான். அந்நிய ஊர், அறிமுகம் இல்லை, விற்றே ஆக வேண்டும். அதைக் காட்டி அவன் விலை கேட்பது அரண்மனைப் பொற்கொல்லனிடம். அரசியின் சிலம்பைத் திருடிவைத்திருந்த அவனுக்கு, கேட்பாரற்று விற்க வந்த இந்த மனிதனின் நிலை வசதியாகப் போயிற்று. அரசனோ சிலம்பைக் கையில் வாங்கி உள்ளிருக்கும் பரல் எதுவென்று பார்க்காமலே கட்டளையிட்டான். கண்ணகி சபையேறி உடைத்தபோதுதான் உள்ளே மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பிலோ முத்து. சில நொடிகளில் செய்திருக்கக்கூடிய சோதனை அது.

கமக்காரன் வேறு வழியின்றி விற்க வந்திருக்கிறான் என்பதைப் பார்த்தவுடனே விலையைக் கீழிறக்குபவர், அந்தப் பொற்கொல்லன் பார்த்த பார்வையைத்தான் பார்க்கிறார். கையிலிருக்கும் ஈரப்பதமானியை எடுக்காமல் கண்ணால் கழிவு சொல்பவர், அந்த அரசன் செய்ததைத்தான் செய்கிறார். பொங்கலுக்கு நெல்லும் அரிசியும் தேங்காயும் மூடை மூடையாகக் கொண்டுபோய் இறக்கும் வணிகர் அந்த அம்மன் முன்னால் நின்று கும்பிடும்போது, தன் தொழிலில் நேற்று வந்துபோன முகங்களை நினைத்துப் பார்ப்பது அந்த வழிபாட்டின் பகுதியாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோயில் உபயம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாயன்மாரில் ஒருவரான இளையான்குடி மாறனார் மழையிரவில் வந்த அடியாருக்கு அமுதளிக்க, அன்று விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்த கதை நெல்லோடு வாழும் எவரையும் உருக்கும். ஆனால் அவர் வாரியது தன் வயலில் தான் விதைத்த நெல். "தீதின்றி வந்த பொருள்" தான் அறத்தையும் இன்பத்தையும் தரும் என்று குறள் சொல்லும்போது, வந்த வழியையே முதலில் கேட்கிறது. கழிவில் எடுத்ததை மடப்பள்ளிக்குக் கொடுப்பது அந்தக் கமக்காரருக்குத் திரும்பக் கொடுத்ததாகாது.

விவிலியத்தில் என்னை மிகவும் நிறுத்திவைத்த இடம் லேவியராகமத்தின் 19 ஆம் அதிகாரம். சரியான தராசும், சரியான நிறைகல்லும், சரியான மரக்காலும், சரியான படியும் உங்களிடம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணமாக, எகிப்து தேசத்திலிருந்து உங்களைப் புறப்படப்பண்ணின கர்த்தர் நானே என்று அது முடிகிறது. தராசுக்கும் எகிப்துக்கும் என்ன தொடர்பு என்று முதலில் வாசித்தபோது யோசித்தேன். மடுமாதா திருவிழாவுக்குப் போகும் என் நண்பர் ஒருவருடன் பேசிய பின்தான் விளங்கியது: நீங்களும் ஒரு காலத்தில் அடுத்தவனின் தயவில் நின்றவர்கள், அதை மறந்தவன் கையில் தராசு நேராக நிற்காது என்பது அதன் பொருள்.

வன்னி மக்களுக்கு இதைவிட நெருக்கமான வசனம் இருக்க முடியாது. தொண்ணூறுகளில், போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் பசளையும் எட்டாப் பொருளாகியிருந்த காலத்தை அறிந்தவர்கள் நாங்கள். 2009 இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் அரிசிக்கும் மாவுக்கும் என்ன விலை சொன்னாலும் சம்மதித்தவர்கள் எங்கள் தாய்மார். அதே இடத்தில், இருந்த அரிசியைத் தண்ணீரில் கரைத்து வரிசையில் நின்றவர்களுக்குக் கஞ்சியாக வார்த்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கஞ்சியைத்தான் ஆண்டுதோறும் மே மாதத்தில் சந்திகளில் காய்ச்சிக் கொடுத்து நினைவுகூருகிறோம். பிறகு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாம்களில் தண்ணீருக்கும் வரிசை, சோற்றுக்கும் வரிசை. இவற்றைக் கடந்து வந்த ஒருவர் தராசின் இந்தப் பக்கத்தில் நிற்கும்போது, எதிர்ப்பக்கத்தில் நிற்பவரின் சம்மதம் எப்படிப்பட்டதென்று அவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

உபாகமத்தின் 24 ஆம் அதிகாரம் இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. மாவரைக்கும் திரிகையின் கல்லை எவரும் அடகாக வாங்கக் கூடாது, அது ஒருவனுடைய உயிரையே அடகு வாங்குவதற்குச் சமம் என்கிறது. கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. பிழைப்புக்கான கருவியைப் பிடித்துக்கொண்டு கடனைக் கேட்காதே என்ற இந்தக் கட்டளையை இன்றைய வன்னியில் லீசிங் உழவு இயந்திரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு தவணை தவறியதும், உழவு தொடங்கும் நேரம் பார்த்து இயந்திரத்தை இழுத்துச் செல்லும்போது மிகுதித் தவணைகளைக் கட்டும் வழியும் அதனுடனேயே போகிறது. ஒப்பந்தத்தில் அந்த விதி இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது.

போருக்குப் பின் வந்த நுண்நிதிக் கடன்கள், அதாவது ஏழைகளுக்குக் கொடுக்கும் சிறு கடன்கள், இந்தக் கையெழுத்து நியாயத்தின் முழு உருவத்தையும் காட்டின. கணவரை இழந்த பெண்கள், வீடு கட்டி முடிக்காதவர்கள், நிலையான வருமானம் இல்லாதவர்கள் எல்லோரும் குழுவாகக் கையொப்பமிட்டுக் கடன் எடுத்தார்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தார்கள். 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர், சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை போவதாகப் பதிவுசெய்தார். அதே ஆண்டில் அரசாங்கம் இந்த வட்டிக்கு 35 வீதம் என்று ஓர் உச்ச வரம்பை அறிவித்து, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்யவும் முன்வந்தது. அந்த வட்டிக்கும் எல்லோரும் சம்மதித்துத்தான் இருந்தார்கள். "அழக்கொண்ட எல்லாம் அழப்போம்" என்ற குறள் பிறரை அழவைத்துப் பொருள் கொண்டவரை நோக்கிய எச்சரிக்கை. இங்கே அழுதவர்கள் கடன் வாங்கியவர்கள் மட்டுமே என்பது என் மனத்தை இன்னும் உறுத்துகிறது.

பழையது என்பதற்காக எதையும் அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனுஸ்மிருதி வட்டியை வருணத்துக்கு ஏற்ப மாதம் நூற்றுக்கு 2, 3, 4, 5 என்று ஏற்றிக்கொண்டு போகிறது. மிகக் கீழே வைக்கப்பட்டவருக்கு மிகக் கூடிய வட்டி. இதுவும் பழைய நூல்தான், இதுவும் அறம் என்ற பெயரில்தான் வந்தது. பிறருடையதையும் தம்முடையதுபோல் நினைத்தல் என்ற குறளின் சோதனையில் இந்த விதி ஒரு நிமிடமும் நிற்காது. ஆகவே முன்னோர் சொன்னதற்குள்ளும் எது எதைத் தீர்ப்பது என்று நாம்தான் தேர வேண்டியிருக்கிறது.

பௌத்த நூலான அங்குத்தர நிகாயம் இல்லறத்தார் செய்யக் கூடாத வணிகங்களாக ஐந்தைக் கூறுகிறது: ஆயுதம், மனிதர், இறைச்சி, மது, நஞ்சு. கிருமிநாசினி விற்காமல் இன்று கமத்துறையில் கடை நடத்த முடியாது என்பது உண்மை. ஆயினும் இலங்கை மிகக் கொடிய கிருமிநாசினிகளை 1995 இலும் 1998 இலும் தடைசெய்த பின், உலகிலேயே மிகக் கூடியவற்றில் ஒன்றாக இருந்த தற்கொலை வீதம் பத்தாண்டுகளில் பாதியாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. எந்தப் போத்தலை எவர் கையில் கொடுக்கிறோம் என்ற கேள்வி கடைக்காரருடையதும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனி, எங்கள் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. பெரிய ஆலைக்காரர் விலையைத் தீர்மானிக்கிறார். அரிசிக்கு அரசாங்கம் உச்ச விலை வைக்கிறது. எங்கள் முதலும் வங்கிக் கடன்தான். பக்கத்துக் களஞ்சியத்தார் எட்டுக் கிலோ கழித்துவிட்டுக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடச் சொன்னால் கமக்காரரே அங்கே போய்விடுவார். கடைசியாகச் சொன்னது எங்களுக்கு உண்மையாகவே நடக்கிறது. விலை கண்ணுக்குத் தெரியும், கழிவு தெரிவதில்லை. வள்ளுவரும் நட்டத்துக்கு வணிகம் செய்யச் சொல்லவில்லை. தம்முடையதுபோல் பேணினால் அதுவே வணிகருக்கு நல்ல வணிகம் என்றார். ஆகவே நாங்கள் கழிவுக் கணக்கைத் தமிழில் பெரிதாக எழுதித் தராசுக்கு மேலே ஒட்டிவைத்தோம்: இந்த ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, சாக்குக்கு இவ்வளவு, பதருக்கு இவ்வளவு, கையில் வரும் தொகை இவ்வளவு. பக்கத்தில் பழைய வாசிப்புக் கண்ணாடி ஒன்றும் நூலில் கட்டித் தொங்குகிறது. கமக்காரரின் பிள்ளைகள் அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு மற்ற இடங்களுக்கும் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது மிகவும் மகிழ்ந்தேன்.

தீராமல் இருப்பது பசளைக் கடன். ஐப்பசியில் பசளையும் கிருமிநாசினியும் கடனுக்குக் கொடுத்து, அறுவடையில் நெல்லாகத் திருப்பி எடுப்பது இங்குள்ள நடைமுறை. அப்போது நெல்லுக்கு எந்த விலை என்பதைப் பெரும்பாலும் கொடுத்தவரே, கொடுக்கும் நாளிலேயே, குறைத்துத் தீர்மானித்துவிடுவார். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நொவெம்பரில் அந்தத் தடையை நீக்கிய பின்னும் யூரியா கிடைக்காமல் கமக்காரர் அலைந்த காலத்தில், பழைய விலைக்கு வாங்கிப் பதுக்கியதைப் பன்மடங்கு விலைக்கு, அதுவும் இப்படி நெல்லாகத் தரும் ஒப்பந்தத்தில் விற்றவர்கள் உண்டு. பயிர் மஞ்சளாகி நிற்கும் வயற்காரர் எதற்குத்தான் சம்மதிக்கமாட்டார்?

என் யோசனை, நெல்லை ஒப்படைக்கும் நாளின் சந்தை விலையையே எடுத்துக்கொண்டு, கடனுக்கு வங்கி நகை அடகுக்கு வாங்கும் வட்டியை மட்டும் தனியாகப் பற்றுச்சீட்டில் எழுதுவது. தம்பி இதை முழுமையாக ஏற்கவில்லை. மழை பிழைத்தாலோ வெள்ளம் வந்தாலோ கடன் திரும்பாது, 2018 மார்கழி வெள்ளத்தில் இந்தப் பக்கத்து வயல்கள் கிடந்த கிடையை நினைத்துப் பார், அந்த ஆபத்துக்கு ஒரு விலை இருக்கத்தானே வேண்டும் என்று கேட்கிறான். அவன் கேட்பது சரியான கேள்வி. விளைச்சல் அழிந்தால் வட்டியை விட்டுக் கொடுத்து முதலை அடுத்த போகத்துக்குத் தள்ளுவது, விளைந்தால் அந்த ஆபத்துக்காக ஒரு சிறிய தொகையை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லி எடுப்பது என்று ஒரு வழியை இப்போது எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தொகை எவ்வளவாக இருக்கலாம் என்பதை நாங்கள் இருவர் மட்டும் தீர்மானிக்க விரும்பவில்லை. ஐப்பசிக்கு முன் கூடும் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எங்கள் கணக்குக் கொப்பியையே கொண்டுபோய், வாங்கிய விலை, லொறிக் கூலி, வங்கி வட்டி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி, அவர்களிடமே கேட்பதாக இருக்கிறோம்.